குயின் ஸ்திரீட் கடைவீடு: உடைந்த பூவேலையை மீட்பது எப்படி?

கேள்வி இது. பினாங்கு குயின் ஸ்திரீட்டில் தாத்தா காலத்துக் கடைவீடு ஒன்று. முன்பு மளிகைக் கடையாக இருந்து, 14 வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மாடி முகப்பில் சுதையால் செய்த பூமாலைகளில் பாதி உடைந்துவிட்டது. சுவரின் மேல்பக்கம் துருத்தி ஓடும் கார்னிஸ் பட்டை 2 மீட்டர் நீளத்துக்கு விழுந்துவிட்டது. சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களின் உச்சியில் உள்ள தலைப்பூ பழைய சாயத்துக்குள் புதைந்து கிடக்கிறது. சாய்பலகைகள் கோத்த ஆறு உயரமான லூவர் ஜன்னல் கதவுகளில் இரண்டைக் காணோம். கீழ்ச்சுவர் முழுக்க உப்பு பூத்திருக்கிறது. வேலையை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் குத்தகையாளர் ஒருவர், "எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு சிமெண்டு பூசி, ரெடிமேட் பூ ஒட்டி, சாயம் அடிச்சா மூணு வாரத்துல முடிஞ்சிடும்" என்கிறார். அண்ணனும் அதற்குச் சம்மதம். பழைய வேலையை மீட்க முடியுமா, எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் பூவில் தொடங்காதீர்கள். முதலில் தண்ணீர், அடுத்து சிமெண்டு, அதற்குப் பின் சுண்ணாம்பு, கடைசியில்தான் பூ. இந்த வரிசையை மாற்றினால் புதிதாக ஒட்டிய பூவை இரண்டாவது மழைக்காலத்தில் அஞ்சடியிலிருந்து (கடை முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை) பொறுக்க வேண்டியிருக்கும். குத்தகையாளரின் மூன்று வாரத் திட்டத்தில் பெரிய நஷ்டம் சிமெண்டுகூட இல்லை. முதல் நாளே அவர் கொத்தி எறியப்போவது, காணாமல் போனதைத் திரும்பச் செய்ய உங்களிடம் இருக்கும் ஒரே அச்சை.

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150.04 ஹெக்டர். குயின் ஸ்திரீட் மையப் பகுதிக்குள் வருகிறது. முகப்பைத் தொடும் வேலைக்கு மாநகர் மன்றத்தின் அனுமதிக் கடிதம் கையில் வரும்முன் சாரம் கட்டாதீர்கள். விண்ணப்பத்துக்கு எடுக்கும் படங்களும் அளவுகளும் மீட்பு வேலைக்கும் அப்படியே உதவும், அதனால் அதை வெறும் காகித வேலையாக நினைக்க வேண்டாம்.

மாலை, அரைத்தூண், உயரமான லூவர் கதவு என்று நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது 1910களுக்கும் 1940களுக்கும் இடைப்பட்ட பாணி. சீன, மலாய், ஐரோப்பியக் கூறுகள் கலந்த இதைப் பினாங்கில் பிற்கால ஸ்ட்ரெயிட்ஸ் எக்லெக்டிக் என்பார்கள். இந்தக் காலக் கணக்கு ஒரு காரணத்துக்காக முக்கியம். அப்போதே சிமெண்டு புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆகவே உங்கள் முகப்பில் சில பகுதிகள் முதலிலிருந்தே சிமெண்டு கலந்தவையாக இருக்கலாம். சிமெண்டைக் கண்டவுடன் உளியை எடுக்கக் கூடாது. அது எப்போது வந்த சிமெண்டு என்று பார்க்க வேண்டும். செங்கல்லை ஒட்டிய முதல் பூச்சே சாம்பல் நிறமாக, பூவோடு ஒரே உடலாக இருந்தால் அது கட்டியவர் கைவேலை. அதை விட்டுவிடுங்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஏறி நிற்கும் சிமெண்டுதான் பிற்கால ஒட்டு.

பிற்கால ஒட்டுகள் இந்த ஊரில் இத்தனை இருப்பதற்கும் காரணம் உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, கிடைத்த வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாது. உரிமையாளர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். 1997இல் சட்டம் ரத்தாகி, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு முழுதாக நீங்கியதும், பல வீடுகளுக்கு வேகமாகவும் மலிவாகவும் சிமெண்டு வைத்தியம் நடந்தது.

முதல் வேலை பதிவு. மாடி முகப்பை நேராகப் படமெடுத்து, ஒவ்வொரு பூவுக்கும் இலைக்கும் எண் கொடுங்கள். உடைந்த துண்டுகளைத் தேடுங்கள். அஞ்சடியின் கூரை மேல், மழைநீர்க் கால்வாயில், பூட்டிய கடையின் மூலையில் நிச்சயம் சிலது கிடக்கும். பிஸ்கட் டின்னில் எண் எழுதி வையுங்கள், கட்டைவிரல் அளவு இதழ்கூட வளைவைக் காட்டும். அடுத்து பக்கத்து வீடுகளைப் பாருங்கள். கடைவீடுகளை வரிசையாக ஒரே கைதான் கட்டியிருக்கும், உங்கள் வீட்டில் போன மாலை மூன்றாவது வீட்டில் முழுசாகத் தொங்கலாம். பழைய படங்களையும் விடாதீர்கள். கல்யாண ஊர்வலம், மகா மாரியம்மன் கோவில் தேர், தைப்பூசத்துக்கு பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளி ரதம் என்று எதைப் படமெடுத்திருந்தாலும் பின்னால் ஏதோ ஒரு கடைவீட்டின் மாடி விழுந்திருக்கும். உறவினர் ஆல்பங்களில் சாமியை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள்.

நிறத்தைக் கண்டுபிடிக்க மழை படாத இடம் வேண்டும். கார்னிஸின் அடிப்பக்கம், கதவு நிலையின் உள்மடிப்பு, தலைப்பூவின் இடுக்கு போன்றவை. அங்கே கூர்மையான கத்தியால் சாயத்தை ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டி, 2 செ.மீ. அகலப் படிகளாக விட்டுக்கொண்டு போங்கள். மேலே பளபளப்பான எமல்ஷன், அதன் கீழ் எண்ணெய்ச் சாயம், அதற்கும் கீழே மாவு போல உதிரும் சுண்ணாம்பு நிறங்கள். 600 எண் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்தால் ஒவ்வொரு படியின் விளிம்பும் தெளியும். அடியில் வெள்ளைக்கு அடுத்து வருவதுதான் பெரும்பாலும் முதல் நிறம். பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கும். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், முகமூடி இல்லாமல் செய்யாதீர்கள், சுரண்டிய தூளைக் கால்வாயில் தள்ளாதீர்கள்.

இனி தண்ணீர். மாடி முகப்பு உடையக் காரணம் அநேகமாகக் கூரையில்தான் இருக்கும். பக்கத்து வீட்டோடு சேரும் பொதுச்சுவரின் மேல் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் பூச்சு வெடித்திருக்கும். அல்லது கைப்பிடிச்சுவரின் பின்னால் உள்ள கால்வாய் இலைகளால் அடைத்து, நீர் பின்புறமிருந்து கார்னிஸுக்குள் இறங்கும். அங்கே அரசஞ்செடி முளைத்திருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். வேர் செங்கல் இடுக்குக்குள் போயிருக்கும், பிடுங்கினால் கைப்பிடிச்சுவரே கையோடு வரும். தண்டை அறுத்து, அறுத்த சில நிமிடங்களுக்குள் வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தடவி, முழுதாகப் பட்டுப்போகும்வரை விட்டு, பிறகு அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்து வேரை எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும். நம் ஆட்களில் சிலர் அரச மரத்தில் கத்தி வைக்கத் தயங்குவார்கள். ஒரு எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், வாக்குவாதத்தைவிட அது சீக்கிரம் முடியும்.

கீழ்ச்சுவரின் உப்பு வேறு கதை. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரை ஈரம் 1 மீட்டர், சில சமயம் ஒன்றரை மீட்டர் உயரம்வரை ஏறி, சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகிப் போகும்படி கட்டியிருந்தார்கள். பிறகு ஒருவர் சுவருக்கு சிமெண்டு பூசினார், இன்னொருவர் கான்கிரீட் போட்டு அதன் மேல் பளிங்கு ஓடு பதித்தார். தரையில் மூச்சுவிட வழியில்லாத ஈரம் சுவருக்குப் போனது. சுவரிலும் வழியில்லாததால் சிமெண்டு முடியும் இடத்துக்கு மேலே ஏறி உப்பாகப் பூத்தது. அதனால்தான் "போன வருஷம் பூசின இடம் நல்லாயிருக்கு, அதுக்கு மேலதான் கெட்டுப்போகுது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சிமெண்டை இன்னும் ஒரு அடி உயர்த்துவது உப்பையும் ஒரு அடி உயர்த்துவதுதான்.

சிமெண்டை எடுக்க இயந்திரச் சுத்தியல் வேண்டாம். அகல உளியும் சிறு சுத்தியலும் கொண்டு, ஓரத்திலிருந்து படுக்கைவாட்டில் நெம்ப வேண்டும். செங்கல்லின் முகம் சிமெண்டோடு சேர்ந்து உரிந்து வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அங்கே சிமெண்டை விட்டுவைப்பதுதான் குறைந்த சேதம். எடுத்த பின் சுவர் காய வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு, 9 அங்குலச் சுவருக்கு 9 மாதம். பினாங்கின் ஈரக்காற்றில் அதற்கும் மேலே ஆகலாம். அந்த இடைவெளியில் வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் பெருக்கி அள்ளி வெளியே போடுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். உப்பு அதிகமான இடத்தில் சுத்தமான நீரில் ஊறிய காகிதக் கூழை 2 செ.மீ. கனத்துக்கு அப்பி, அது காய்ந்து தானாக விலகும்வரை விட்டு உரித்தெடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் வித்தியாசம் தெரியும். மாடி முகப்புக்கு இத்தனை காத்திருப்பு தேவையில்லை. கூரை ஒழுகல் நின்று சில வாரங்களில் அங்கே வேலை தொடங்கலாம். கீழே காயக் காய, மேலே செய்யுங்கள்.

சுண்ணாம்புக்கு வருவோம். கடையில் மூட்டையில் கிடைக்கும் நீற்றிய தூளையும் பயன்படுத்தலாம், ஆனால் பல மூட்டைகள் காற்றுப்பட்டுச் செத்துப்போனவை. ஒரு கரண்டி தூளில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரை பொங்கினால் அது திரும்பச் சுண்ணாம்புக்கல் ஆகிவிட்டது, பிடிக்காது. நல்ல தூளில் நுரை மிகக் குறைவாகவே வரும். பூவேலைக்கும் கார்னிஸுக்கும் கல்சுண்ணாம்பை (சுட்டெடுத்து, இன்னும் நீர் படாதது) நீற்றி, நீருக்கடியில் குறைந்தது 3 மாதம் ஊறிய விழுதுதான் வேண்டும். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் போடாதவரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அளவு பார்ப்போம். முகப்பு 6 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம், கதவு ஜன்னல் போகச் சுமார் 30 சதுர மீட்டர் பூச்சு என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. கனத்துக்கு 0.6 கன மீட்டர் சாந்து வேண்டும். கலவை விழுது 1, மணல் 3. மணல் துகள்களுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். விழுது அதை நிரப்புகிறது, கன அளவு கூடுவதில்லை. சேதாரம் சேர்த்து மணல் 0.7 கன மீட்டர், விழுது சுமார் 230 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளியில் 12 வாளி. அதற்குக் கல்சுண்ணாம்பு ஏறக்குறைய 130 கிலோ. எல்லாப் பூச்சையும் மாற்ற வேண்டியிராது என்பதால் உங்களுக்கு இதில் பாதி போதும் என்றே நினைக்கிறேன். மீந்த விழுது கெடாது, மேலே தண்ணீர் நிற்கும்வரை வருடக்கணக்கில் நன்றாகிக்கொண்டே போகும். மணல் கழுவிய ஆற்று மணலாக, கையில் நெறுநெறுவென்று குத்த வேண்டும். உருண்டையான நைசு மணல் வெடிக்கும், கடல் மணல் உப்பைத் திரும்பக் கொண்டுவரும்.

பழைய சாந்தின் மணலோடு ஒத்துப்போக வேண்டுமானால், பழைய பூச்சில் ஒரு துண்டை நீர்த்த அமிலத்தில் போடுங்கள். சுண்ணாம்பு கரைந்து மணல் தங்கும். கழுவிக் காயவைத்து அதன் நிறத்தையும் துகள் அளவையும் பார்த்து வாங்கலாம். சிப்பித் துகள் கலந்த சாந்தாக இருந்தால் சிப்பியும் கரைந்துவிடும், அதனால் கலவை விகிதத்தை இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வெல்லம், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு பற்றி யாராவது சொல்வார்கள். கட்டுக்கதை இல்லை. மதராஸ் சுண்ணாம்பு என்று வெள்ளைக்காரர்களே பெயர் வைத்த அந்தப் பளபளப்புப் பூச்சு நம் கொத்தனார்கள் கொண்டுவந்ததுதான். ஆங்கிலத்திலும் 'சுனம்' என்றே புழங்கியது. ஆனால் அது கடைசி மெருகுக்கானது. வெளிமுகப்புச் சாந்தில் வெல்லத்தை அள்ளிப் போட்டால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும்.

பழைய பூச்சில் எதை எடுப்பது, எதை வைப்பது? உளியின் மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பிடிப்பு இருக்கிறது, டொப்பென்றால் பின்னால் வெற்றிடம். டொப்பென்ற இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டமிட்டதையெல்லாம் இடிக்க வேண்டியதில்லை. பூவேலை உள்ள இடத்தில் 5 மி.மீ. துளை போட்டு, நீர் பீய்ச்சித் தூசியைக் கழுவி, சுண்ணாம்பும் நைசான செங்கல் தூளும் கரைத்த குழம்பை ஊசிக்குழாயால் கீழ்த்துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றி, மேலே பஞ்சு வைத்த பலகையால் முட்டுக்கொடுங்கள். ஒரே நாளில் நிறைய ஏற்றினால் அதன் எடையே பூச்சைத் தள்ளிவிடும்.

கார்னிஸுக்குக் கைத்திறனைவிடத் தகடுதான் முக்கியம். நிற்கும் பகுதியில் ஓரிடத்தில் சாயத்தை முழுதாக நீக்குங்கள். பல அடுக்குச் சாயம் 2, 3 மி.மீ. ஏறி ஒவ்வொரு முனையையும் மழுக்கியிருக்கும், அதன் மேல் அளவெடுத்தால் புதுப் பட்டை சோப்புக்கட்டி போல இருக்கும். நீக்கிய இடத்தில் மெல்லிய ரம்பத்தால் குறுக்கே ஒரு கீறல் வெட்டி, அதில் அட்டையைச் செருகி வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். அதை 1 மி.மீ. துத்தநாகத் தகட்டில் வெட்டி, விளிம்பை அரம் போட்டு, மரச் சட்டத்தில் ஆணியடித்தால், ஈரச் சாந்தின் மேல் இழுத்து வடிவம் கொடுக்கும் அச்சு தயார். சுவரில் நேராக ஒரு மரப்பட்டியைப் பொருத்தி அதன் மேல் சட்டத்தை ஓட்ட வேண்டும்.

விழுந்த 2 மீட்டரில், பட்டையைத் தாங்கித் துருத்தி நின்ற செங்கற்களும் போயிருக்கும். அவற்றைத் திரும்பக் கட்டும்போது சாந்தில் செங்கல் தூள் சேர்த்து, 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் சுவரோடு பிணையுங்கள். கடலோரத்துக்கு 316 ரகம் வேண்டும். சாதாரண இரும்பாணி துருப்பிடித்து ஊதி, தான் தாங்கிய பூச்சைத் தானே வெடிக்க வைக்கும். பழைய வேலையில் வெடிப்பு நேர்க்கோட்டில் ஓடினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள்.

முதல் சுற்றுகளில், தகட்டு விளிம்பைவிட 5 மி.மீ. துருத்திய மெல்லிய பலகை ஒன்றைத் தகட்டோடு கட்டி ஓட்டுங்கள். அடிச்சாந்து அந்த அளவுக்கு உள்வாங்கி நிற்கும். ஒரு பூச்சு 10 மி.மீட்டருக்கு மேல் வேண்டாம், நகத்தால் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும்போது அடுத்தது. கடைசியில் பலகையைக் கழற்றிவிட்டு, சலித்த மணலில் செய்த நைசுச் சாந்தை வைத்து ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தள்ளினால் முனைகள் கிழியும்.

இந்த வடிவத்தில் ஒரு கோட்டை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். பட்டையின் அடியில், முன்விளிம்பிலிருந்து சிறிது உள்ளே, ஒரு பென்சில் படுத்தால் மறையும் அளவுக்கு ஒரு பள்ளம் ஓடும். மழைநீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வராமல், அங்கேயே தடுக்கிச் சொட்டாக விழச் செய்வது அதுதான். அழகுக்கென்று நினைத்துப் பலர் பூசி மூடிவிடுகிறார்கள். கீழே உள்ள மாலைகள் கறுத்து உதிர்ந்ததற்கு அப்படி மூடிய பள்ளமே காரணமாக இருக்கும். மேல்முகம் வெளிப்பக்கம் சரிவாக இருக்கிறதா என்றும் நீர்மட்டம் வைத்துப் பாருங்கள்.

இப்போது பூ. முதலில் இடதுபக்க மாலையையும் வலதுபக்க மாலையையும் பக்கத்தில் பக்கத்தில் படத்தில் வைத்துப் பாருங்கள். இதழ்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அவை வார்த்து ஒட்டியவை, அச்செடுக்கலாம். ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறியிருந்தால் சுவரிலேயே கையால் பிடித்தவை. அவற்றுக்கு அச்செடுத்து ஆறு இடத்தில் ஒரே பூவை ஒட்டினால் தெருவிலிருந்து பார்த்தாலே பொய் தெரியும். கையால் பிடித்ததைக் கையால்தான் பிடிக்க வேண்டும். கும்பாபிஷேக வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் சுதைச் சிற்பிகளிடம் கேட்கலாம். இரண்டு எச்சரிக்கை உண்டு. இப்போது கோபுர வேலை பெரும்பாலும் சிமெண்டில் நடக்கிறது, அதனால் "அண்ணே, சுண்ணாம்பில் செய்து பழக்கம் இருக்கா? விழுது எத்தனை நாள் ஊறணும்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் "ராத்திரி போட்டாக் காலையில எடுக்கலாம்" என்றால் நன்றி சொல்லி அனுப்புங்கள். மற்றது, யாளிக்கும் பூதகணத்துக்கும் பழகிய கை இந்த மாலைகளைக் கொஞ்சம் புஷ்டியாக்கிவிடும். ஒரு பூவை மாதிரி செய்துகாட்டச் சொல்லி, பழையதன் அருகில் பிடித்துப் பாருங்கள்.

அச்செடுப்பதானால் நன்றாக நிற்கும் பூவிலிருந்து சாயத்தை நீக்கக் களிம்பு வகை நீக்கியும் மரக்குச்சியும் போதும். மணல் பீய்ச்சுவது, அமிலம், உயர் அழுத்த நீர் மூன்றும் சுண்ணாம்பின் தோலையே எடுத்துவிடும். பூ மேல் மென்சோப்புக் கரைசல் தடவிக் காயவிட்டு, சிலிக்கோன் ரப்பரை இரண்டு பூச்சாக 5 மி.மீ. கனத்துக்கு ஏற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் ரப்பர் துளைகளுக்குள் ஊறி இதழைப் பெயர்த்துக்கொண்டு வரும். மேலே பாரிஸ் சாந்தால் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கெட்டியான கவசம், மறுநாள் கழற்றலாம். வார்ப்புக்கு விழுது 1, செங்கல் தூள் அரை, நைசு மணல் ஒன்றரை. தூள் குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லாக இருக்க வேண்டும், முறுக வெந்தது பிடிக்காது. பின்பக்கத்துச் சாந்தில் 2, 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய தேங்காய் நார். தட்டினால் கெட்டியான ஒலி வரும்வரை, 3 முதல் 7 நாள், அச்சிலேயே விட்டு, பிறகு நிழலில் ஈரச் சாக்குக்கு அடியில் நான்கு வாரம் வைத்து அதன்பின் ஒட்டுங்கள். ஈரப் பூவை ஒட்டினால் சுருங்கி விளிம்பில் பிளவு தெரியும். பாரிஸ் சாந்தில் வார்த்த பூ வெளியே வேண்டவே வேண்டாம், மழையில் கரையும். கடையில் கிடைக்கும் ஃபைபர் பூக்களும் வேண்டாம், நிற்காது. பசை பிடிப்பது சாயத்தை, சாயம் பிடிப்பது உதிரும் சுண்ணாம்பை.

ஆதாரம் எதுவும் கிடைக்காத இடத்தில் கற்பனைப் பூ வைக்காதீர்கள், வெறுமையாக விடுங்கள். புதுத் துண்டுகளின் பின்புறம் ஆண்டைக் கீறி வையுங்கள். அடுத்து சாரம் ஏறுபவருக்கு எது பழையது என்று தெரியட்டும்.

கதவுகளுக்கு செங்கால் மரம், மலாய்க்காரர் அதே பெயரில் சொல்லும் கெட்டி மரம்தான். ஒப்பந்தப் பத்திரத்தில் தமிழில் எழுதினால் செங்கல்லோடு குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்! இடித்த வீடுகளின் பழைய செங்கால் கிடைத்தால் புதியதைவிட மேல், ஏனென்றால் அது இனிமேல் முறுக்காது. ஆணி தேடியபின் ரம்பத்தில் வையுங்கள். லூவர் கதவு முதலில் அழுகுவது கீழ்ச்சட்டம் நிலைச்சட்டத்தில் செருகும் மூட்டில். கதவு முழுதையும் மாற்றாமல், அழுகிய அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டி அதே சாய்வில் புது மரம் சேர்த்து மர ஆணி அடிக்கலாம். சேர்க்குமுன் வெட்டுமுகத்துக்கு அடிச்சாயம் கொடுத்துவிடுங்கள், நீரை உறிஞ்சுவது அந்த முகம்தான். காணாமல் போன இரண்டையும் மிச்சமுள்ள நான்கின் அளவில் செய்யலாம். பலகைகளின் கனத்தையும் சாய்வையும் கண்ணால் மதிப்பிடாமல் ஒரு பலகையைக் கழற்றி அளந்துகொள்ளுங்கள்.

ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துளைகள் குளிர்சாதனத்துக்காக அடைக்கப்பட்டிருந்தால் திறந்துவிடுங்கள். உள்பக்கம் நைசு கம்பிவலை போதும், புறா வராது.

கடைசியில் சுண்ணாம்பு நீர்ச் சாயம். பால் பதத்தில் மெல்லியதாக 5 பூச்சு, ஒவ்வொன்றுக்கும் முன் சுவரை நனைத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு. ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே பூசாதது போலத் தெரியும், காய்ந்ததும் வெளுக்கும். இதைப் பார்த்துப் பயந்து கெட்டியாகப் பூசினால் அப்பளமாக உரியும். காவி, மஞ்சள் மண் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் சுண்ணாம்பைத் தாங்கும், எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்காதீர்கள். லீத் ஸ்திரீட்டில் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையின் நீலத்தைப் பார்த்து எல்லாருக்கும் ஆசை வரும். அது சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்தது, அந்த வீட்டுக்கு உரியது. உங்கள் படிச்சுரண்டலில் நீலம் வந்தால் மட்டும் நீலம் அடியுங்கள். எமல்ஷன் மட்டும் வேண்டாம், இத்தனை மாத வேலையை ஒரே நாளில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவது போல ஆகும்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். செப்டம்பர் முதல் நவம்பர்வரை பினாங்கில் மழை அதிகம், அப்போது முகப்பில் சுண்ணாம்பு வேலை வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச்வரை வசதி, ஆனால் வெயில் நேராக அடித்தால் பூச்சு இறுகுமுன் காய்ந்து மாவாகும். சாரத்தில் கோணிச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது நாளுக்கு மூன்று முறை நனைக்க ஆள் வேண்டும். அந்தக் கூலியைத் தனி வரியாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் யாரும் நனைக்கமாட்டார்கள்.

அண்ணனிடம் பேச ஒரு வழி உண்டு. முகப்பைத் தொடாமல், பின்பக்க ஏர்வெல் (காற்றும் வெளிச்சமும் வரத் திறந்துவிட்ட முற்றம்) சுவரில் 1 சதுர மீட்டர் சிமெண்டை எடுத்து, அங்கே சுண்ணாம்புப் பூச்சும் ஐந்து பூச்சுச் சாயமும் செய்யச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து அந்தச் சதுரத்தையும் பக்கத்துச் சிமெண்டையும் அவரே தொட்டுப் பார்க்கட்டும். மாதிரி தேறினால்தான் முதல் தவணை என்று குத்தகையாளரிடமும் சொல்லிவிடலாம். கல்சுண்ணாம்பை மட்டும் இந்த வாரமே வாங்கி நீற்றிவிடுங்கள். மூடியுள்ள பீப்பாயில், ஒரு சாண் தண்ணீர் மேலே நிற்க, கடையின் பின்மூலையில் இருக்கட்டும். அனுமதிக் கடிதம் வரும் நேரத்துக்கு விழுதும் பதமாகிவிடும்.